கியோரே என்னும் எலியும் அதன் பெயரும்

பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளின் பாலினீசிய மொழிகளில் எலிக்கு வழங்கும் சொற்களை ஒப்பிட்டால், கிழக்குத் தீவுகள் பெரும்பாலும் ஒரே சொல்லின் வடிவங்களையே ஆண்டுவருவது தெரியும். நியூசிலாந்தின் மாவோரி மொழியிலும் ராரோதோங்கா தீவிலும் அது கியோரே, தாஹிதியில் இயோரே, ஹவாயில் இயோலே, ஈஸ்டர் தீவு என்று வெளியுலகம் அறியும் ராப்பா நூயியில் கியோஎ. மாவோரியில் நிலைத்துவிட்ட முதல் ககரம், தாஹிதியிலும் ஹவாயிலும் தொண்டையைச் சற்றே அடைத்துத் திறக்கும் குரல்வளை ஒலியாகத் தேய்ந்தது. மாவோரியிலும் தாஹிதியிலும் ரகரம் வரும் இடத்தில் ஹவாய் மொழி லகரத்தை ஒலிக்கிறது. இம்மாற்றங்கள் அம்மொழிகளின் பிற சொற்களிலும் இதே ஒழுங்கில் நிகழ்வதால், கியோரே பின்னாளில் தீவுக்குத் தீவு கடனாகப் பெறப்பட்ட சொல் அன்று, பொது முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த சொல்லே என்று கொள்வதற்கு வலுவான இடம் உண்டு. மேற்கே டோங்காவில் குமா என்றும் சமோவாவில் இமோஆ என்றும் வேறு சொற்கள் வழங்குகின்றன.

சொல் குறிக்கும் உயிரி, சுண்டெலிக்கும் வீட்டெலிக்கும் இடைப்பட்ட பருமனுடையது. தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இதற்கு, அமெரிக்க அரசின் கடற்பயணக் குழுவில் இயற்கை ஆய்வாளராகச் சென்ற டிட்டியன் பீல் 1848இல் அறிவியல் பெயர் சூட்டினார். ராட்டஸ் எக்சுலன்ஸ் என்று இன்று வழங்கும் அப்பெயரின் பின்பகுதி, நாடு துறந்து வாழ்வது என்று பொருள்படும் இலத்தீன் சொல். பெயர் அழகானதே எனினும் பொருத்தம் பாதிதான். தானாக நாடு துறந்து போகும் ஆற்றல் இந்த எலிக்கு இல்லை. குறுகிய நீர்ப்பரப்பையே நீந்திக் கடக்கத் திணறும் இது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும் தீவை மனிதரின் தோணி வழியாகவே அடைந்திருக்க முடியும். ஒளிந்து ஏறியதா, உணவுக்கென ஏற்றப்பட்டதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாவோரியர் இதை விரும்பி உண்டனர். ஆரா கியோரே, அதாவது எலித்தடம், என்று பெயரிட்ட வழிகளில் பொறி வைத்துப் பிடித்து, அதன் கொழுப்பிலேயே இட்டுப் பதப்படுத்தி வைத்தனர். ஹவாயிலோ பிரபுக்கள் வில்லும் அம்பும் கொண்டு எலி எய்வதைப் பன இயோலே என்னும் பொழுதுபோக்காக வைத்திருந்தனர். இவற்றைக் கருதும்போது, எலி வெறும் திருட்டுப் பயணி என்ற கருத்து முழுமையானதாகத் தோன்றவில்லை.

எவ்வாறாயினும், மனிதரோடு ஒட்டி வாழ்ந்து அவர்களுடனேயே இடம்பெயரும் உயிரினங்களைத் தொல்லியலார் மனிதச் சார்பு விலங்குகள் என்று வகைப்படுத்துகின்றனர். அவற்றின் எலும்பு கிடைத்த தீவில், மனித எலும்போ கருவியோ கிடைக்காவிட்டாலும், மனிதர் வந்து சென்றதற்குச் சான்று உண்டு என்பது இதன் உட்கிடை. பின்னாளில் ஐரோப்பியர் கொண்டுவந்த எலியினங்களோடு கியோரே கலந்து இனம்பெருக்குவதில்லையாதலால், அதன் மரபுவழி கலப்பின்றி எஞ்சியது. இதைப் பயன்படுத்தி, தாய்வழியே மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்டிரிய மரபணுவைத் தீவுதோறும் ஒப்பிட்ட எலிசபெத் மட்டிசூ-ஸ்மித்தும் உடன் ஆய்வாளரும், தீவுகளுக்கிடையே பயணம் ஒருமுறையோடு முடியாமல் பன்முறை நிகழ்ந்தது என்ற முடிவை 1998இல் வெளியிட்டனர்.

ஆயினும் மரபணுவைவிடப் பெரிய சர்ச்சை காலக்கணிப்பில்தான் எழுந்தது. உயிர் நீங்கியபின் சீரான வேகத்தில் சிதையும் கார்பன் 14 எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்து வயதைக் கணிக்கும் முறையில், நியூசிலாந்தின் எலி எலும்புகள் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழமையானவை என்று ரிச்சர்ட் ஹோல்டவே 1996இல் அறிவித்தார். அவ்வெலும்புகளில் பல, இன்று அற்றுப்போன சிரிக்கும் ஆந்தை என்னும் பறவை எலிகளை விழுங்கிக் குகைகளில் கக்கிய படிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இம்முடிவு சரியாயின், மாவோரியரின் குடியேற்றத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே எவரோ வந்து எலியை விட்டுச் சென்றிருக்க வேண்டும். அத்தகையோரின் குடியிருப்போ அடுப்போ எங்கும் கிட்டவில்லை.

சிக்கலை அவிழ்த்தவை எலும்புகள் மட்டுமல்ல, விதைகளும்தான். எலி கொறித்த விதையின் ஓட்டில் வெட்டுப்பற்களின் இணையான கீறல்கள் பதிந்து நிற்கும். பறவை பிளந்த விதையில் அவை இரா. ஈரநிலங்களின் சேற்றில் அழியாது கிடந்த இத்தகைய விதைகளைத் தேர்ந்தெடுத்துக் கணித்த ஜேனட் வில்ம்ஷர்ஸ்ட் குழுவினர், பழைய எலும்பிடங்களையும் மீண்டும் ஆய்ந்து, கியோரே நியூசிலாந்தை அடைந்தது ஏறத்தாழ கி.பி. 1280 என்று 2008இல் நிறுவினர். எலும்பிலிருந்து கரிமத்தைப் பிரித்தெடுப்பதில் நேரும் பிழைகளும், எலி உண்ட உணவின் பழங்கரிமம் எலும்பில் கலக்கும் வாய்ப்பும் விதைக்கு இல்லை. ஒரு பருவத்தில் முதிர்ந்த விதை அப்பருவத்தின் கரிமத்தையே தாங்கும். தொன்மையான தேதிகள் மறு அளவீட்டில் கிடைக்காமற்போனதோடு அந்த முன்னோடிகளும் வரலாற்றிலிருந்து விலகினர்.

ராப்பா நூயியிலும் எலி கொறித்த பனங்கொட்டைகளே வழக்கின் மையம். அத்தீவின் பனங்காடு அழிந்ததற்கு மனிதரின் கோடரியே காரணம் என்ற பரவலான கருத்தை மறுத்த டெர்ரி ஹன்ட், அனகேனா கடற்கரை அகழ்வின் துணைகொண்டு, விதைகளைத் தின்று காடு மீள்வதைத் தடுத்த எலிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்று 2006இல் வாதிட்டார். அவ்வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஐரோப்பிய எலிகள் வந்தபின் நியூசிலாந்தின் பெருந்தீவுகளில் கியோரே பெரிதும் அருகிவிட்டது. ஹவுதுரு தீவில், அங்குள்ள அரிய உயிரினங்களைக் காக்கும்பொருட்டு, 2004இல் அது முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆனால் நாத்திவாய் என்னும் மாவோரி இனத்தார் கியோரேயைத் தம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வமாகக் கருதுபவர்கள். அவர்களின் கோரிக்கையை ஒட்டி மௌயிதாஹா என்னும் சிறு தீவு அந்த எலிக்கென்றே காப்பிடமாக ஒதுக்கப்பட்டுள்ளது.