ஹண்டி மாஸ்டரின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

இளைஞர் அமைப்பொன்றை நடத்திய ஒருவரை எதை வைத்து மதிப்பிடுவது? அவர் ஆற்றிய உரைகளையா, நடத்திய மாநாடுகளையா, அல்லது அவரிடம் வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் என்னவானார்கள் என்பதையா? யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இக்கேள்வி என் மனதில் எழுவதுண்டு.

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி அமெரிக்க மிஷனரிமாரின் பாரம்பரியத்தில் வந்தது. அங்கே கற்று, அங்கேயே ஆசிரியரானவர் ஹண்டி பேரின்பநாயகம். அவரை மையமாகக் கொண்டு 1924இல் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னர் அதுவே வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இந்த இளைஞர்களின் அழைப்பின் பேரிலாகும். பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்று அவர்கள் வாதாடினர். சம ஆசனத்தை எதிர்த்துச் சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்ட காலம் அது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு காங்கிரஸ் அறைகூவல் விடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. ஆயினும் தென்னிலங்கை பின்தொடரவில்லை. 1934இல் இடைத்தேர்தல்கள் நடந்தன, ஜீ. ஜீ. பொன்னம்பலம் பருத்தித்துறையிலிருந்து சபைக்குச் சென்றார். தமிழர் அரசியல் வேறு திசையில் திரும்பியது. சில ஆண்டுகளில் காங்கிரஸும் தளர்ந்தது.

அமைப்பு தோற்றது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதன் பிள்ளைகளைத் தேடிப் பாருங்கள். ப. நாகலிங்கமும் சி. தர்மகுலசிங்கமும் சமசமாஜக் கட்சிக்குச் சென்றனர். 'ஒறேற்றர்' சி. சுப்பிரமணியம் சுன்னாகம் ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராகிப் பல தலைமுறைகளை உருவாக்கினார். கே. நேசையா கல்வியாளரானார். எஸ். நடேசன் கொழும்பில் புகழ்பெற்ற வழக்கறிஞராகவும் செனட்டராகவும் விளங்கினார். பத்திரிகையில் எழுதியதற்காகப் பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறினார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட, 1980இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் அவருக்குக் கடமைப்பட்டவன்.

ஹண்டி மாஸ்டர் 1947இல் வட்டுக்கோட்டையில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். கிறிஸ்தவர் ஒருவரின் கையில் தங்கள் இந்துக் கல்லூரியை ஒப்படைக்க ஓர் ஊர் தயங்கவில்லை. அவர் பெற்ற வெற்றிகளுள் இதையே பெரிதாகக் கருதுகிறேன். அவர் மறைந்தது 1977இல். காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த தந்தை செல்வாவும் அதே ஆண்டில்தான் காலமானார். அதன் பின் வந்த இளைஞர்கள் மாநாடு கூட்டவில்லை, ஆயுதம் ஏந்தினார்கள்.

அந்தக் காலத்தில் மயிலிட்டியில் கோயில் இளைஞர்களை வழிநடத்திய ஒருவரிடம், அவருடைய பிள்ளைகளைப் பற்றிப் பிற்காலத்தில் விசாரித்திருக்கிறேன். ஒன்றாகப் பாட்டுப் பழகிய பையன்கள் வெவ்வேறு இயக்கங்களுக்குப் போனார்கள். 1986இல் இயக்கங்கள் தம்முள் மோதியபோது, அவர்களும் எதிரெதிரே நின்றார்கள். சிலர் மாண்டார்கள். 1990 ஜூனில் ஊரே இடம்பெயர்ந்தது. எஞ்சியவர்கள் முகாம்களுக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சிதறினார்கள். யார் பெரிய ஆளானான் என்று தாம் பார்ப்பதில்லை என்றார் அவர். அன்று எதிரெதிரே நின்றவர்களில் யார் யாரோடு இன்று முகங்கொடுத்துக் கதைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறாராம்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில், இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. இன்று அங்கே மீண்டும் வள்ளங்கள் கட்டப்படுகின்றன. கோயில்களில் மீண்டும் இளைஞர்கள் கூடுகிறார்கள். அவர்களை வழிநடத்துவோர் ஹண்டி மாஸ்டரின் கதையை அறிந்திருப்பது நல்லது. அவர் தம் பிள்ளைகள் அனைவரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்த முயலவில்லை. சமசமாஜிகளும் அதிபர்களும் வழக்கறிஞர்களும் கருத்தால் பிரிந்தார்கள். அதற்காக ஒருவரையொருவர் கொல்லவில்லை. தேர்தலில் தோற்ற அந்த ஆசிரியர் கற்பித்த பாடங்களில், பின்னாளில் நாம் மறந்துபோனது இதுவே.