உள்நாட்டுப் பயங்கரவாதம்: அமெரிக்கச் சட்ட வரலாறு

உள்நாட்டுப் பயங்கரவாதம் என்பது, ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே, பெரும்பாலும் அந்நாட்டினராலேயே, அரசியல் அல்லது கொள்கை நோக்கத்துடன் மக்களையோ அரசையோ அச்சுறுத்தச் செய்யப்படும் வன்முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான சட்ட வரையறை 2001இல்தான் வந்தது. ஆனால் இத்தகைய வன்முறையும் அதை ஒடுக்கும் சட்டங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. வரையறை இருந்தும், அந்தப் பெயரில் கூட்டாட்சிச் சட்டத்தில் தனிக் குற்றம் எதுவும் இல்லை. குண்டு வைத்தவர் மீது வெடிபொருள் சட்டமும், சுட்டுக் கொன்றவர் மீது கொலை, வெறுப்புக் குற்றச் சட்டங்களும் பாய்கின்றன.

இந்த நிலைக்குப் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. கொலையாளிகள் யாரென்று தெரிந்தும் அரசு கைகட்டி நின்ற காலங்கள் உண்டு. யாரையும் கொல்லாதவர்களைக் கருத்துக்காக மட்டுமே துரத்திய காலங்களும் உண்டு. இரண்டிலும் குடிமக்களே பலியானார்கள்.

கு க்ளக்ஸ் கிளானும் 1871 சட்டமும்

உள்நாட்டுப் போர் முடிந்ததும் டென்னசி மாநிலத்தின் புலாஸ்கி நகரில் உருவான கு க்ளக்ஸ் கிளான், சில ஆண்டுகளில் தென்மாநிலங்கள் எங்கும் பரவியது. முகமூடி அணிந்த குதிரைக்காரர்கள் இரவில் வந்து, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரையும் அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளையரையும் சவுக்கால் அடித்தார்கள், கொன்றார்கள். வாக்களிக்கப் போகக்கூடாது, பள்ளி நடத்தக்கூடாது, நிலம் வாங்கக்கூடாது என்பதே அவர்கள் விடுத்த எச்சரிக்கை. உள்ளூர் ஷெரீப்பும் ஜூரிகளும் பல இடங்களில் அவர்கள் பக்கமே இருந்ததால் வழக்குகள் நிற்கவில்லை.

இதற்கு விடையாக 1871 ஏப்ரல் 20 அன்று கு க்ளக்ஸ் கிளான் சட்டத்தில் குடியரசுத் தலைவர் யுலிசிஸ் கிரான்ட் கையெழுத்திட்டார். குடிமக்களின் உரிமையைப் பறிக்கக் கூட்டுச் சதி செய்வது கூட்டாட்சிக் குற்றமாயிற்று. தேவைப்பட்டால் படையை அனுப்பவும், ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைக்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தென்கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் கிரான்ட் அதைப் பயன்படுத்தினார். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். முதலாவது கிளான் அமைப்பு சிதறிப்போனது.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1873 ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவர் பலரை வெள்ளையர் கும்பல் ஒன்று படுகொலை செய்தது, சரணடைந்தவர்களும் தப்பவில்லை. அந்த வழக்கில் 1876இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியாட்களை அல்ல என்று சொல்லிக் குற்றவாளிகளின் தண்டனையை நீக்கியது. 1883இல் கிளான் சட்டத்தின் குற்றவியல் பிரிவு ஒன்றும் செல்லாது என்றானது. அடுத்த பல பத்தாண்டுகள் தென்மாநிலங்களில் நடந்த கும்பல் கொலைகளுக்கு எதிராக நிற்க வேண்டிய கூட்டாட்சிச் சட்டம் இப்படித்தான் பல்லிழந்தது. அதன் உரிமையியல் பிரிவு மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. 2017இல் சார்லட்ஸ்வில் நகர வன்முறையில் காயம்பட்டவர்கள் தொடுத்த நட்டஈட்டு வழக்கில் அந்தப் பிரிவும் இடம்பெற்றது.

1919: குண்டுகளும் பால்மர் சோதனைகளும்

1919 ஜூன் 2 இரவு, ஒரே நேரத்தில் பல அமெரிக்க நகரங்களில் குண்டுகள் வெடித்தன. வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் மிட்செல் பால்மரின் வீட்டு வாசலில் வெடித்த குண்டு, அதைக் கொண்டுவந்தவரையே கொன்றது. அரசற்ற சமூகத்தை விரும்பிய தீவிரவாதக் குழு ஒன்றே இதைச் செய்ததாகத் துப்புகள் காட்டின.

பால்மரின் பதில் நடவடிக்கை அந்தக் குழுவோடு நிற்கவில்லை. 1919 நவம்பரிலும் 1920 ஜனவரியிலும் நடந்த சோதனைகளில், இடதுசாரி அமைப்புகளில் உறுப்பினர் என்பதற்காகவே ஆயிரக்கணக்கான குடியேறிகள் கைது செய்யப்பட்டார்கள். பலருக்கு வாரண்டும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. கைது செய்ய வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர், அப்போது 24 வயதான நீதித் துறை அதிகாரி எட்கர் ஹூவர். அரசின்மைக் கொள்கையாளர் எம்மா கோல்ட்மன் உள்ளிட்ட 249 பேர் ஒரே கப்பலில் நாடு கடத்தப்பட்டனர். தொழிலாளர் துறையில் இருந்த லூயிஸ் போஸ்ட் என்ற அதிகாரி கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, ஆதாரமில்லாத வெளியேற்ற ஆணைகளைப் பெருமளவில் ரத்துசெய்தார். அதற்காகப் பதவிநீக்க மிரட்டலையும் எதிர்கொண்டார்.

அத்தனை கைதுகளும் உண்மையான ஆபத்தைத் தடுக்கவில்லை. 1920 செப்டம்பர் 16 நண்பகலில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வழக்கில் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பர்மிங்காமும் எஃப்.பி.ஐ.யும்

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை. அலபாமா மாநிலம் பர்மிங்காமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், பின்னாளில் மீண்டும் உருவான கிளானின் உறுப்பினர்கள் படிக்கட்டுக்கு அடியில் வைத்த டைனமைட் வெடித்தது. வழிபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமியர் இறந்தனர். மூவருக்கு வயது 14, ஒருவருக்கு 11. கறுப்பினத்தவர் வீடுகளும் தேவாலயங்களும் அடிக்கடி குண்டுக்கு இலக்கானதால், அந்நகருக்கு ஏற்கெனவே குண்டை வைத்தே பட்டப்பெயர் இருந்தது.

சந்தேகத்துக்குரியவர்கள் யாரெனக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இரண்டு ஆண்டுக்குள் கண்டுகொண்டது. ஆனால் அதன் இயக்குநராகிவிட்ட ஹூவர் வழக்குத் தொடர இடம் கொடுக்கவில்லை. 1968இல் கோப்பு மூடப்பட்டது. அலபாமா மாநில அரசின் முயற்சியால் முதல் குற்றவாளி 1977இல் தண்டிக்கப்பட்டார். மற்ற இருவர் தண்டனை பெற 2001, 2002 ஆயிற்று. எஃப்.பி.ஐ. அக்காலத்தில் ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் அந்த வழக்குகளில் சான்றாக வந்தன. அதாவது, சான்று பல பத்தாண்டுகள் அரசின் அலமாரியிலேயே கிடந்தது.

அதே 1963இல், அதே எஃப்.பி.ஐ., மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி பெற்றது. கோயின்டெல்புரோ என்ற ரகசியத் திட்டம் 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியைக் குறிவைத்துத் தொடங்கி, பின்னர் கிளானையும், குடிமை உரிமை இயக்கங்களையும், வியட்நாம் போர் எதிர்ப்பு மாணவர்களையும் உள்ளிழுத்தது. பொய்க் கடிதங்கள் எழுதுவது, குடும்பங்களைப் பிரிப்பது, வேலையிலிருந்து நீக்கச் செய்வது எல்லாம் அதன் வழிமுறைகள். 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா ஊரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் புகுந்த போர் எதிர்ப்பாளர்கள் ஆவணங்களை எடுத்துச்சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பியதால்தான் இது வெளியே வந்தது.

இந்தக் காலத்தில் மூன்று தடுப்புச்சுவர்கள் எழுந்தன. 1969இல் ஒஹையோ மாநில கிளான் தலைவர் ஒருவரின் வழக்கில், உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டுவதையே நோக்கமாகக் கொண்டு, அது நடக்கவும் வாய்ப்புள்ள பேச்சைத்தான் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மிச்சிகனில் சி.ஐ.ஏ. அலுவலகத்தில் வெடித்த குண்டு தொடர்பான வழக்கில், உள்நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லி நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்க முடியாது என 1972இல் அது தீர்ப்பளித்தது. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழுவின் விசாரணையை ஒட்டி, அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் லெவி 1976இல் எஃப்.பி.ஐ.க்கு விதிமுறைகள் வகுத்தார். கருத்தை மட்டும் வைத்து விசாரணை தொடங்கக்கூடாது என்பதே அவற்றின் சாரம்.

ஓக்லஹோமா, 1995

1995 ஏப்ரல் 19 காலை 9.02 மணிக்கு, ஓக்லஹோமா நகரின் ஆல்ஃபிரட் முர்ரா கூட்டாட்சி அலுவலகக் கட்டடத்தின் முன் நிறுத்தப்பட்டிருந்த வாடகை லாரி வெடித்தது. உள்ளே அம்மோனியம் நைட்ரேட் உரமும் எரிபொருளும் கலந்த ஏறத்தாழ 2,200 கிலோ வெடிகலவை. ஒன்பது மாடிக் கட்டடத்தின் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. இறந்தவர்கள் 168 பேர். அவர்களில் 19 பேர் குழந்தைகள். பெரும்பாலான குழந்தைகள் அங்கிருந்த பகல்நேரக் காப்பகத்தில் பெற்றோர் விட்டுச்சென்றவர்கள்.

முதல் சில மணி நேரத்தில் தொலைக்காட்சிகள் மத்திய கிழக்கு நாட்டினரைச் சந்தேகித்துப் பேசின. உண்மை வேறு திசையில் இருந்தது. இடிபாடுகளில் கிடைத்த லாரி அச்சுத்துண்டில் இருந்த எண், கான்சஸ் மாநில வாடகைக் கடை ஒன்றுக்கு வழிகாட்டியது. அதற்கு முன்பே, குண்டு வெடித்து ஒன்றரை மணி நேரத்துக்குள், நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் பின்புற எண்பலகை இல்லாத மஞ்சள் காரை நிறுத்தி, மறைத்துவைத்த துப்பாக்கிக்காக அதன் ஓட்டுநரைக் கைதுசெய்திருந்தார். பெர்ரி என்ற சிற்றூர்ச் சிறையில் இரண்டு நாளாக இருந்த அந்த டிமதி மெக்வே, வளைகுடாப் போரில் பங்கேற்ற அமெரிக்க முன்னாள் படைவீரர். சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸின் வேக்கோவில் ஒரு மதக்குழுவின் மீதான எஃப்.பி.ஐ. முற்றுகை தீயில் முடிந்த நாளையே அவர் தேர்ந்தெடுத்திருந்தார்.

பேரழிவு ஆயுதம் பயன்படுத்தியது, கூட்டாட்சி அதிகாரிகளைக் கொன்றது உள்ளிட்ட 11 குற்றச்சாட்டுகளில் மெக்வே தண்டிக்கப்பட்டார். 2001 ஜூன் 11 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கூட்டாளி டெரி நிக்கல்ஸ் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறார். பயங்கரவாதம் என்ற பெயரில் தனிச்சட்டம் இல்லாமலே இந்த வழக்கு முழுமையாக வென்றது என்பது கவனிக்கத்தக்கது.

1996 சட்டம் சென்ற திசை

ஓக்லஹோமா எழுப்பிய கோபத்தில் 1996 ஏப்ரல் 24 அன்று பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் திறன்மிகு மரணதண்டனைச் சட்டம் நிறைவேறியது. உள்நாட்டவர் வைத்த குண்டு ஈன்ற அந்தச் சட்டத்தின் வலுவான கருவி வெளிநாட்டு அமைப்புகளுக்கானதாக அமைந்தது. வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளைப் பட்டியலிடும் அதிகாரம் வெளியுறவுத் துறைக்குக் கிடைத்தது; பட்டியலில் உள்ள அமைப்புக்குத் தெரிந்தே பொருளுதவி செய்வது குற்றமானது.

1997 அக்டோபரில் வெளியான முதல் பட்டியலில் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கமும் இருந்தது. இச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் அமெரிக்கவாழ் தமிழர்களின் அமைப்புகளும், அதே பட்டியலில் இருந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்குச் சர்வதேசச் சட்டத்தைக் கற்பிக்க விரும்பிய மனித உரிமை அமைப்பும் இருந்தன. 2010 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமைதி வழியில் தீர்வு காண அந்த அமைப்புகளுக்குப் பயிற்சியளிப்பதுகூட, அவற்றோடு இணைந்து செய்யப்பட்டால், தடைசெய்யப்பட்ட உதவியே என்றது தீர்ப்பு.

2001 வரையறை

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், 2001 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த தேசப்பற்றாளர் சட்டத்தின் 802ஆம் பிரிவு உள்நாட்டுப் பயங்கரவாதத்தை வரையறுத்தது. மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும்:

1. செயல் மனித உயிருக்கு ஆபத்தானதாகவும், குற்றவியல் சட்டத்தை மீறுவதாகவும் இருக்க வேண்டும்.
2. மக்களை அச்சுறுத்துவது, மிரட்டலால் அரசின் கொள்கையை மாற்றுவது, பேரழிவு, படுகொலை அல்லது ஆட்கடத்தல் மூலம் அரசின் செயல்பாட்டைப் பாதிப்பது ஆகியவற்றில் ஒன்று அதன் நோக்கமாகத் தோன்ற வேண்டும்.
3. அது முதன்மையாக அமெரிக்க எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும்.

இந்தப் பிரிவில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. விசாரணை அதிகாரங்கள், நிதி ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது உதவுகிறது. உள்நாட்டு அமைப்பைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் நடைமுறையும் சட்டத்தில் இல்லை. சங்கம் சேரும் உரிமையும் பேச்சுரிமையும் அரசமைப்பின் முதல் திருத்தத்தின் பாதுகாப்பில் இருப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

பெயரிடுவதில் பாரபட்சம்

2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் வெள்ளை இனவெறியர் ஒருவர் ஆறு சீக்கியர்களைச் சுட்டுக் கொன்றார். 2015 ஜூனில் சார்லஸ்டன் தேவாலயத்தில் வேதபாட வகுப்பில் இருந்த கறுப்பினத்தவர் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். 2018இல் பிட்ஸ்பர்க் யூதக் கோயிலில் 11 பேரும், 2019இல் எல் பாசோவில் ஹிஸ்பானியரைக் குறிவைத்த தாக்குதலில் 23 பேரும் இறந்தனர். சார்லஸ்டன், பிட்ஸ்பர்க், எல் பாசோ வழக்குகளில் வெறுப்புக் குற்றச் சட்டமே கூட்டாட்சி அரசின் முதன்மை ஆயுதமாக இருந்தது.

வெளிநாட்டு அமைப்பின் பெயரைச் சொல்லித் தாக்கினால் பயங்கரவாதி, இனவெறியால் தாக்கினால் வெறுப்புக் குற்றவாளி என்ற இந்த வேறுபாடு, பாதிக்கப்பட்ட சமூகங்களை ஆழமாகப் புண்படுத்தியது. தனிக் குற்றம் வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்தே வலுப்பெற்றது. ஆனால் அதே சமூகங்களுக்காகப் போராடும் குடிமை உரிமை அமைப்புகள் பலவும் அதை எதிர்க்கின்றன. பால்மரையும் கோயின்டெல்புரோவையும் அவை மறக்கவில்லை. நியூயார்க் மாநிலம் 2020இல் வெறுப்பை நோக்கமாகக் கொண்ட உள்நாட்டுப் பயங்கரவாதத்தைத் தனிக் குற்றமாக்கியது. 2022 மே மாதம் பஃபலோ அங்காடியில் கறுப்பினத்தவர் பத்துப் பேரைக் கொன்றவர் அச்சட்டத்தில் தண்டிக்கப்பட்ட முதல் ஆள்.

2021க்குப் பின்

2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டொனால்டு டிரம்பின் ஆதரவாளர் கும்பல் புகுந்ததை எஃப்.பி.ஐ.யின் அப்போதைய இயக்குநர் கிறிஸ்டோஃபர் ரே உள்நாட்டுப் பயங்கரவாதம் என்றே குறிப்பிட்டார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குகள் பதிவாயின. குழுத் தலைவர்கள் சிலர் அரசுக்கு எதிரான சதிக்காக நீண்ட சிறைத்தண்டனை பெற்றனர். அதே ஆண்டு ஜூனில் உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்கு எதிரான முதல் தேசியச் செயல்திட்டம் வெளியானது. 2022 மே மாதம் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறிய உள்நாட்டுப் பயங்கரவாதத் தடுப்பு மசோதா செனட்டில் முடங்கியது.

2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற டொனால்டு டிரம்ப், ஜனவரி 6 வழக்குகளில் தொடர்புடைய ஏறக்குறைய அனைவருக்கும் மன்னிப்பு அளித்தார். 14 பேரின் தண்டனையைக் குறைத்தார். செப்டம்பர் 22 அன்று, ஆன்டிஃபா எனப்படும் இடதுசாரிப் போக்கை உள்நாட்டுப் பயங்கரவாத அமைப்பு என அறிவிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். சட்டத்தில் அத்தகைய பட்டியலே இல்லாத நிலையில் இந்த அறிவிப்பு கடும் விவாதத்தைக் கிளப்பியது.

மதிப்பீடு

ஆட்சி மாறும்போது அச்சுறுத்தலின் முகவரியும் மாறுவது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. அதைத் தாங்கி நின்ற நடவடிக்கைகளுக்குப் பொதுவான இயல்பு உண்டு: தென்கரோலினா கைதுகளும் ஓக்லஹோமா வழக்கும் நடந்த கொடுமையைப் பிடித்துக்கொண்டு, சான்றைத் தேடி, நீதிமன்றத்தில் முடிந்தன. பால்மரும் ஹூவரும் உறுப்பினர் பட்டியலில் தொடங்கினார்கள்; குற்றவாளிகள் கைநழுவினார்கள். உயிருக்கு ஆபத்தான செயல் என்ற முதல் நிபந்தனையே 2001 வரையறையின் உயிர்நாடி. புதிய சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், அந்த நிபந்தனையைத் தளர்த்தாமல், கொல்லப்பட்டவர் யார், கொன்றவர் எந்தக் கட்சி என்று பாராமல் ஒரே அளவுகோலை வைப்பதே பர்மிங்காமின் குடும்பங்களுக்கு அரசு உரிய காலத்தில் செய்யத் தவறிய கடமை.