டீசல் முள் (பழைய வண்டிகளில்)
டேங்க்கில் மீதமுள்ள எரிபொருளைக் காட்டும் மானி. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, சூளகிரி வழியாக ஓடும், பல கைமாறிய பழைய லாரிகளில் பொய் சொல்வது பெரும்பாலும் முள் அல்ல. டேங்க்குக்குள் இருக்கும் மிதவையும் தடைச்சுருளும் சேர்ந்த 'டேங்க் யூனிட்'தான். மிதவை ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், முள் நகரும். மிதவையில் ஓட்டை விழுந்து மூழ்கினால், டேங்க் நிரம்பியிருந்தாலும் முள் 'காலி'யிலேயே கிடக்கும்.

சோதிக்க, சாவியை அணைத்து, டேங்க் யூனிட்டின் சிக்னல் ஒயரைக் கழற்றிப் பாடியோடு இணைத்து, பிறகே சாவியைப் போட வேண்டும். டேங்க் அருகே தீப்பொறி ஆகாது. முள் ஒரு கோடிக்கு ஓடினால் மீட்டரும் ஒயரும் நலம். அப்போது கோளாறு யூனிட் பக்கம்தான்; புதிது வாங்கும் முன் அதன் துருவேறிய எர்த்தைச் சுரண்டிப் பாருங்கள்.