போன கப்பலும் வந்த கப்பலும்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் என்று ஒரு கடைவரிசை இருக்கிறது. கைக்கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் அங்கே நின்று பேரம் பேசாத பழைய சென்னைவாசி அபூர்வம். நானும் பேசியிருக்கிறேன். பேரத்தில் காட்டிய அக்கறையில் பாதியை அந்தக் கடைவீதியின் பெயரில் காட்டியிருந்தால், ஒரு சரித்திரப் பாடம் எனக்கு முன்பே கிடைத்திருக்கும்.

செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போவது' என்று ஒரு வழக்கு உண்டு. கடல் கடந்து தொழில் செய்யப் போவதை அப்படிச் சொல்வார்கள். 1852-ல் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி நதியின் கழிமுகக் காடுகள் நெல் வயல்களாக மாறத் தொடங்கின. காட்டை வெட்டவும் மாடு வாங்கவும் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க நம்மவர்கள் கப்பல் ஏறினார்கள்.

என் பெரியப்பா அப்படி ஏறியவர்களில் ஒருவர். பதினான்கு வயதில் பெட்டியடிப் பையனாகப் போனார். மூன்று வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார். சில மாதம் இருந்துவிட்டு மறுபடி போவார். ரங்கூன் முகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் வாசம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். பெரியம்மா ஒரு தடவைகூட அந்த ஊரைப் பார்த்ததில்லை. வட்டி கேட்பதற்கு எவ்வளவு பர்மிய பாஷை வேண்டுமோ அவ்வளவுதான் பெரியப்பாவுக்குத் தெரியும். அங்கே சம்பாதித்ததெல்லாம் இங்கே பர்மாத் தேக்குத் தூண்களாக நின்றது.

இது அவர் ஒருவரின் சுபாவம் அல்ல. 1931-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி பர்மாவில் பத்து லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் பெரும்பாலோர், சில வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணத்துடன் வந்தவர்கள்தாம். அவ்வளவு பெரிய பட்டணத்தைச் சத்திரமாக வைத்து வாழ்ந்தார்கள் என்று சொல்லலாம்.

சத்திரத்தில் தங்குகிறவனை வீட்டுக்காரன் எத்தனை நாள் பொறுப்பான்? 1930-ல் உலகெங்கும் வியாபாரம் படுத்தது. நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. நிலம் இங்கே, சொந்தக்காரரின் மனசு வேறு நாட்டில்! பர்மியருக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் என்ன? நம்முடைய நஷ்டத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். பெரியப்பா அஸ்ஸாம் வழியாக எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். ஆனால் அவருக்கு வந்து சேர ஒரு வீடு இருந்தது. அதில் தூண்கள் இருந்தன.

இருபது வருஷத்துக்குப் பிறகு வந்தவர்களின் கதையே வேறு. 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளெல்லாம் சர்க்கார் சொத்தாயின. பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். நாம் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றோம். அவர்களுக்கோ சென்னைத் துறைமுகம்தான் அந்நிய நாடு.

அப்படி ஒரு குடும்பம் எங்கள் தெருக்கோடிக்கு வந்தது. கைம்பெண் ஒருத்தி, மூன்று குழந்தைகள். வந்த ஒரு மாதத்துக்குள் அந்த அம்மாள் வாசலில் அடுப்பு வைத்து அத்தோ விற்க ஆரம்பித்துவிட்டாள். தெருவில் எல்லோருடைய பெயரும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூத்த பையன் என் வகுப்பில் சேர்ந்தான். அவன் தமிழில் பர்மிய வாடை அடிக்கும். அவனுக்கு 'அகதி' என்று பெயர் வைத்தவன் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது என்பது ஒரு சமாதானமா?

ஒருநாள் பெரியப்பா திண்ணையிலிருந்து கேட்டார்: "ஏம்மா, ராப்பகலா இப்படி ஓடியாடணுமா? கொஞ்சம் நிதானமாத்தான் செய்யேன்."

"திரும்பிப் போக இடம் இருக்கிறவங்க நிதானமாச் செய்யலாம் ஐயா" என்றாள் அவள்.

பெரியப்பா பதில் பேசவில்லை. இருபது வருஷம் ரங்கூனில் நிதானமாக இருந்தவர் அவர்.

பிற்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றச் சரித்திரத்தைப் படித்தபோது அந்தத் திண்ணை எனக்கு ஞாபகம் வந்தது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு 1892-ல் திறந்தது. ஒரே காலத்தில், ஒரே வாசல் வழியாக, இத்தாலியர்களும் ருஷ்ய யூதர்களும் வந்தார்கள். இத்தாலியர்களில் பெரும்பாலோர் கூலி தேடி வந்த ஆண்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் பணத்துடன் ஊர் திரும்பினார்கள். யூதர்கள் கலகத்துக்கும் கொள்ளைக்கும் தப்பி மனைவி மக்களோடு வந்தவர்கள். அவர்களில் திரும்பியவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. புது பாஷையையும் புதுப் பள்ளிக்கூடத்தையும் அவர்கள் இறுகப் பற்றிக்கொண்டதற்கு அந்த மூடிய கதவும் ஒரு காரணம்.

அகதியின் மனசும் சீக்கிரம் ஒட்டிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலருக்குத் தமிழ்நாடு பிடிபடவே இல்லை. மீண்டும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் எல்லைவரை போனார்கள். பர்மா அவர்களை ஏற்கவில்லை. எல்லையோரத்து மோரே என்ற ஊரிலேயே தங்கினார்கள்; அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள்; தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். பார்க்கப் போனால் அதுவும் வேர் பிடித்த கதைதான். ஆனால் அவர்கள் வேர் பிடித்த இடம், திரும்ப முடியாத வீட்டின் வாசற்படி.

அந்தப் பையனை நான் பிறகு பார்க்கவில்லை. ஐந்தாறு வருஷத்தில் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டான் என்று கேள்வி. பர்மா பஜார்ப் பக்கம் போகும்போதெல்லாம், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களின் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.