ஒரு ஹார்ட் டிஸ்க்கும் 40 ஊசி வயரும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய கொம்பியூட்டர் கிடந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் சோனகதெருவிலிருந்து தெரிந்த பெரியவர் ஒருவர் ஷொப்பிங் பையில் சுற்றி ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். "சேர், இது செத்துப்போச்சாம். எதுக்கும் ஒருக்காப் பாருங்க" என்றார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் படம் என்று பலருடைய எல்லாமே வீட்டோடு நின்றுவிட்டன. 2002இல் சமாதான காலம் வந்து ஏ9 பாதை திறந்தபோது, இவர் புத்தளத்திலிருந்து வந்து போய், மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறார். எந்தத் தெரு, யார் வீடு, நான்கு பக்க எல்லையிலும் யார் இருந்தார்கள் என்ற விபரம். சொன்ன மூத்தவர்களில் பலர் இன்று இல்லை. பட்டியல் இந்த 40 ஜிகாபைட் பெட்டிக்குள்.

கடைக்குப் போனேன். "சேர், இதுக்கு இப்ப வயர் வாறதில்லை" என்றார்கள். ஏன் வருவதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1980களின் நடுப்பகுதி வரை ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் மின்சுற்று கணினிக்குள் தனி அட்டையாக இருந்தது. அந்தச் சுற்றை டிஸ்க்கிலேயே பொருத்தும் யோசனையை வெஸ்டர்ன் டிஜிட்டலும் கொம்பாக்கும் சேர்ந்து கொண்டுவந்தன. 1986இல் கொம்பாக் கணினிகளில் அது விற்பனைக்கு வந்தது. அதுதான் ஐ.டி.இ. பட்டையான, சாம்பல் நிற, 40 ஊசி வயர். நம்மில் பலர் கம்பெஸ் பெட்டி போலத் திறந்து பார்த்த முதல் கொம்பியூட்டருக்குள் கண்டது அதைத்தான்.

அந்த வயரில் 16 பிட் தரவு 16 கம்பிகளில் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாக ஓடும். வேகம் கூடியபோது ஒரு கம்பியின் சமிக்ஞை அடுத்த கம்பியைக் குழப்பியது. அதனால் 1990களின் இறுதியில் ஊசி 40 ஆகவே இருக்க, கம்பியை 80 ஆக்கினார்கள். கூடுதலான 40உம் இடையில் நிற்கும் காவல் கம்பிகள். அதற்கும் எல்லை வந்தது. வினாடிக்கு 133 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை. 2003இல் சாட்டா வந்தது. 7 தொடுமுனை மட்டும், மெல்லிய வயர். தரவு ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் மிக வேகமாக ஓடும். தொடக்கமே 150 மெகாபைட்.

இப்போது நம்முடைய ஊரின் கணக்கைப் பாருங்கள். 1990களின் முதற்பாதியில் இங்கே மின்சாரமே இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். பாதை திறந்தது 2002. மறுபடி மூடப்பட்டது 2006 ஓகஸ்ட். இடையில் கிடைத்த அந்த நாலு வருடத்தில்தான் பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொம்பியூட்டர் வந்து சேர்ந்தது. உலகம் ஐ.டி.இ.யை விட்டு சாட்டாவுக்கு மாறிய வருடங்களும் அவையே. ஆகவே நம்முடைய சமாதான கால நினைவுகளில் ஒரு பெரும் பங்கு, உலகம் கைவிட்ட வயரின் மறுமுனையில் இருக்கிறது.

நெல்லியடியில் பழைய கொம்பியூட்டர் திருத்தும் தம்பி ஒருவரின் பெட்டிக்குள் பட்டை வயர் கிடைத்தது. ஆனால் புதிய கணினியில் அதைச் செருக இடம் இல்லை. அவரே ஒரு பழைய பென்டியம் 4ஐத் தூசு தட்டி எடுத்தார். பொருத்தினோம். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. திரையில் ஒன்றும் இல்லை. இரண்டு டிஸ்க்கும் ஒரே வயரில் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் ஆக இருக்கவேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தன. பின்பக்கத்தில் அரிசி அளவான ஜம்பரை ஒரு இடம் மாற்றினோம். டிஸ்க் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ். அது சாகவே இல்லை.

கோப்பைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. பெரியவரின் முகம் வாடிவிட்டது. அது பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் என்று தம்பி கண்டுபிடித்தார். யூனிகோடுக்கு மாற்றியதும் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரியவர் சத்தமாக வாசித்தார். ஒரு வீட்டின் கிழக்கு எல்லையில் தன் வாப்பாவின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார். அந்தத் தம்பி தேநீர் வாங்கப் போய்விட்டார்.

1981இல் யாழ். பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. அதை யாரோ செய்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், அழிந்ததும் அழியக்கூடியதும் மறுபடி கையில் வர உழைக்கிறது. ஆனால் அலுமாரிக்குள் கிடக்கும் டிஸ்க்கை யாரும் எரிக்கத் தேவையில்லை. வயர் கிடைக்காமல் போனாலே போதும்.

ஆகவே சில வேண்டுகோள்கள்:

பழைய கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். பட்டை வயரையும் வையுங்கள்.

பட்டை வயரின் சிவப்பு ஓரம் 1ஆம் ஊசிப் பக்கம் வரவேண்டும். பெரும்பாலும் மின் செருகிக்கு அருகில் இருக்கும். பலவந்தமாக அழுத்தவேண்டாம், ஊசி வளைந்துவிடும்.

லப்டொப் டிஸ்க்குக்கு 44 ஊசி, சிறிய அளவு. 40 ஊசி வயர் அதற்குப் பொருந்தாது.

யூ.எஸ்.பி. மாற்றி வாங்கினால், பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரமும் வேண்டும். யூ.எஸ்.பி. மட்டும் காணாது. டிஸ்க் செத்துவிட்டது என்று பலர் நினைப்பது இதனாலும்தான்.

திறந்தால் முதல் வேலை பிரதி எடுப்பது. இரண்டு இடத்தில், இரண்டு ஆளிடம்.

எங்கள் பட்டியல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அச்சடித்த பிரதி ஒன்று பெரியவரின் கையில். உங்களிடமும் இப்படி ஒரு டிஸ்க் இருந்தால் உள்பெட்டியில் அறியத் தாருங்கள். அந்தப் பென்டியம் 4 இன்னும் வேலை செய்கிறது. எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. சுணங்க வேண்டாம்.