மடியிலிருந்து மேசைக்கு

அறிவியல் வரலாற்றில், பெரியது எனப் போற்றப்பட்ட ஒன்று தளர்வதும், சிறியது என ஒதுக்கப்பட்ட ஒன்று வழிகாட்டியாக உயர்வதும் உண்டு. கணினித் துறையில் 2003ஆம் ஆண்டிற்கும் 2006ஆம் ஆண்டிற்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கணினியின் மூளை எனத் தக்கது செயலி. மேசைக்கணினிக்கெனச் செய்யப்படும் செயலி மின்சாரத்தைத் தாராளமாக உண்ணும். மடிக்கணினிக்கெனச் செய்யப்படுவதோ மின்கலத்தின் அளவறிந்து உண்ண வேண்டியது. எனவே, மடிக்கணினிச் செயலி ஆற்றல் குன்றியது என்பதே பலரின் எண்ணமாக இருந்தது. அவ்வெண்ணத்தை அசைத்தவர்கள், மடிக்கணினிச் செயலியை எடுத்து மேசைக்கணினியில் பொருத்திப் பார்த்த ஆர்வலர்கள் ஆவர்.

அன்றைய சூழலை முதலில் அறிதல் வேண்டும். இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டு நவம்பரில் பென்டியம் 4 செயலியை வெளியிட்டது. ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதே செயலியின் பெருமையாகக் கொள்ளப்பட்ட காலம் அது. துடிப்பைக் கூட்டுவதற்காக ஒவ்வொரு வேலையும் 20 சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் என்னும் வடிவத்தில் அப்படிகள் 31 ஆயின. படி சிறிதானால் துடிப்பு விரையும் என்பது உண்மையே. எனினும், அடுத்து வரவேண்டிய கட்டளை எது எனச் செயலி முன்கூட்டிக் கணித்துச் செல்லும்போது, கணிப்புப் பிழையானால் வரிசையில் நிற்கும் வேலையைக் கைவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீள நீள இழப்பும் மிகும். வெப்பமும் உடன் வளர்ந்தது. 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய பென்டியம் 4 செயலிக்கு வகுக்கப்பட்ட வெப்ப அளவு 115 வாட் ஆகும்.

இதே நிறுவனத்தின் இஸ்ரேலியக் கிளையினர் ஹைஃபா நகரில் வேறு வழியில் சென்றனர். மடிக்கணினிக்கு வெப்பம் பகை. ஆகவே, அவர்கள் பழைய பென்டியம் 3 வழிவந்த அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, கணிப்புத் திறனைச் செம்மைப்படுத்தி, செயலிக்குள்ளேயே அமைந்த கேச் நினைவகத்தைப் பெருக்கினர். 2003ஆம் ஆண்டு மார்ச்சில் பென்டியம் எம் பிறந்தது. 2004ஆம் ஆண்டு மே மாதம் வந்த அதன் இரண்டாம் வடிவமான டோத்தான், 2 மெகாபைட் கேச் நினைவகத்துடன் 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் வெப்ப அளவு 21 வாட் மட்டுமே. கடுகு சிறுத்தாலும் காரம் குறையவில்லை.

மடிக்கணினிச் செயலியை மேசைக்குக் கொணரும் வழக்கத்தை ஏஎம்டி நிறுவனத்தின் ஆத்லான் எக்ஸ்பி-எம் செயலி எளிதாக்கியிருந்தது. அது மேசைக்கணினித் தாய்ப்பலகையின் சாக்கெட்டிலேயே நேராக அமர்ந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கியமையாலும், வேகத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள இடந்தந்தமையாலும் ஆர்வலர்கள் அதனை விரும்பி வாங்கினர்.

பென்டியம் எம் அவ்வாறு எளிதில் இணங்கவில்லை. தோற்றத்தில் அதன் ஊசிக்கால்கள் பென்டியம் 4 செயலியின் கால்களை ஒத்திருப்பினும், மின்னமைப்பு வேறாகும். ஏஓப்பன், டிஎஃப்ஐ ஆகிய நிறுவனங்கள் இதற்கெனத் தனித் தாய்ப்பலகைகளைச் செய்தன. 2005ஆம் ஆண்டில் அசுஸ் நிறுவனம் சிடி-479 என்னும் இணைப்பியை வெளியிட்டது. தன் பென்டியம் 4 தாய்ப்பலகைகளுள் சிலவற்றில் இவ்விணைப்பியைப் பொருத்தி, அதன்மேல் பென்டியம் எம் செயலியை அமர்த்தலாம். தாய்ப்பலகையின் பயாஸ் மென்பொருளையும் புதுப்பித்தல் வேண்டும். இச்செயலிக்கு மேசைக்கணினிச் செயலிக்குரிய உலோக மூடி இல்லை. ஆதலின், வெப்பம் தணிக்கும் கட்டையைச் சாய்வாக அழுத்தினால் சிலிக்கான் விளிம்பு உடைந்துவிடும். கைப்பக்குவம் கைவரப் பெற்றவர்க்கே இவ்வேலை ஏற்றது.

கண்ட பயன் யாது? துடிப்பைச் சற்றே உயர்த்தியபோது, விளையாட்டு மென்பொருள்களில் விலைமிக்க மேசைக்கணினிச் செயலிகளுக்கு அது ஈடு கொடுத்தது. காணொளிக் குறியாக்கம் போன்ற பணிகளில் பின்தங்கவும் செய்தது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே நடுவுநிலை. ஆயினும், துடிப்பின் எண்ணிக்கை வேறு, செய்து முடிக்கும் வேலை வேறு என்பது ஐயமற விளங்கிற்று.

நிறுவனமும் இவ்வுண்மையை எதிர்கொண்டது. டெஜாஸ் என்னும் அடுத்த செயலித் திட்டத்தை 2004ஆம் ஆண்டு மே மாதம் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும் நிறுத்தியது. அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட், அதற்காகப் பொதுமேடையில் விளையாட்டாக முழந்தாளிட்டு மன்னிப்பு வேண்டினார். 2006ஆம் ஆண்டு ஜூலையில் வந்த கோர் 2 டுவோ, ஹைஃபாவின் வழித்தோன்றலே. அதன் மேசைக்கணினி வடிவங்கள் பலவற்றின் வெப்ப அளவு 65 வாட். ஆர்வலர்களின் சோதனையே இம்மாற்றத்தை விளைவித்தது எனல் மிகையாகும். பொறியாளர் கண்ட வழியின் வலிமையை, மேசைமேல் வைத்து உலகறியக் காட்டியமையே அவர்தம் பங்கு.

இவ்வரலாற்றில் மலேசியாவுக்கும் ஓர் இடமுண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972ஆம் ஆண்டில் பினாங்கில் நிறுவியது. அந்நிறுவனத்தின் செயலிகள் பலவற்றின்மேல் ‘மலாய்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இச்சோதனைக்கு அடிப்படையாக அமைந்தது எது? செயலியைக் கையால் கழற்றி எடுக்க முடிந்தமையே. இன்டெல் மடிக்கணினிச் செயலிகளுள் 2013ஆம் ஆண்டின் ஹாஸ்வெல் தலைமுறையே சாக்கெட்டில் அமர்ந்த இறுதித் தலைமுறை. அதன்பின் வந்தவை தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டன. கணினி மெலிந்தது, இடம் மிச்சமாயிற்று. ஆனால், நல்ல நிலையில் உள்ள செயலியும் பழுதான பலகையோடு சேர்ந்தே குப்பைக்குச் செல்லும் நிலை உருவாயிற்று. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே.

வழி முற்றும் அடைபட்டுவிடவில்லை. மடிக்கணினியின் தாய்ப்பலகையை முழுமையாக எடுத்து, வேறொரு பெட்டியில் அமைத்து, திரையும் விசைப்பலகையும் இணைத்து மேசைக்கணினியாக்குவோர் உளர். பிரேம்வொர்க் நிறுவனம் தன் பலகைகளை அவ்வாறு பயன்படுத்துவதற்கான வரைபடங்களை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது.

கணினிக் கல்வி பயிலும் மாணவர்க்கு இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண் ஆற்றலின் அளவுகோல் ஆகாது. உண்ட மின்சாரத்திற்குச் செய்த வேலை எவ்வளவு என்பதே கேட்கத்தக்க கேள்வி. மற்றொன்று, திறந்து பார்க்க முடிந்த கருவியே கற்பிக்கும் கருவி. மூடி ஒட்டப்பட்ட கருவியை வாங்கலாம், பயன்படுத்தலாம், எறியலாம். அதனிடம் கேள்வி கேட்டல் அரிது.