ஒரு சட்டத்துக்குள் இரண்டு பேர்

தனித்தனியாகப் பதிவான படங்களை ஒரே படமாக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைக்கலாம். அல்லது மேலே வைக்கலாம். பக்கத்தில் வைப்பதற்குக் கத்தியும் பசையும் போதும். மேலே வைக்கும்போது, மேற்படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று ஒரு கோடு போட்டாக வேண்டும். சென்னையில் இந்தத் தொழிலின் கதை பெரும்பாலும் அந்தக் கோட்டைப் பற்றியது. கறுப்புக் காகிதத்தின் ஓரமாக இருந்தது, பிறகு ஃபிலிமில் ஒரு நிழலாயிற்று, கடைசியில் ஓர் எண்ணாயிற்று.

பக்கத்தில் வைத்து ஒட்டும் முறைக்கு மதராஸ் மாகாணத்தின் பெரிய முன்னுதாரணம் 1858-ஐச் சேர்ந்தது. மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவ்களில் எடுத்தார். 21 அச்சுகளை வரிசையாக ஒட்டியபோது 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது. எழுத்து விடுபடக் கூடாது, இரட்டிக்கவும் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும்; வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் தம் காகித நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைக் கையாலேயே தீட்டினார். மாகாணத்தின் அரசு ஆவணப் படங்களிலேயே கைவேலை கலந்திருந்தது என்பதைப் புகைப்படத்தின் 'உண்மை' பற்றிப் பேசுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைக் கொண்டு ஒரே படத்தை 1857-இல் உருவாக்கிப் பாராட்டும் கண்டனமும் பெற்றார். மதராஸ் ஸ்டுடியோக்களுக்கு அப்படிப்பட்ட கலை ஆசை அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கு வந்த வேலை வீட்டுத் தேவை சார்ந்தது. கணவன் தனியாகவும் மனைவி தனியாகவும் எடுத்துக்கொண்ட படங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். இருவரையும் அருகருகே உட்கார்த்தி ஒரே படம் வேண்டும் என்று பிள்ளைகள் வருவார்கள். இரண்டு அச்சுகளையும் கத்தரித்து, தலை அளவு ஒத்துவருமாறு பெரிதாக்கி, ஒட்டி, ஒட்டிய இடத்தைத் தூரிகையால் மூடி, மறுபடி படமெடுப்பார்கள். மயிலாப்பூர் வீடுகளின் கூடத்துச் சுவர்களில் மாலை போட்டுத் தொங்கிய தம்பதிப் படங்களில் இப்படிப் பிறந்தவையும் உண்டு. தோளுக்கும் பின்னணித் திரைக்கும் நடுவில் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தெரிந்தால் அது ஒட்டுப்படம்.

சினிமா வந்தபோது சிக்கல் பல மடங்காயிற்று. அசையாத படத்தில் ஒருமுறை போட்ட கோட்டை, ஓடும் படத்தில் நொடிக்கு 24 முறை போட வேண்டும். தமிழில் இந்தச் சவாலைக் கதையே கேட்டு வாங்கியது. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திரன்' பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. தமிழில் முதல் இரட்டை வேடப் படம் அதுவே. 1949-இல் ஜெமினி ஸ்டுடியோ எம்.கே. ராதாவை இரட்டையர்களாக்கி 'அபூர்வ சகோதரர்கள்' எடுத்தது. 1958-இல் சிவாஜி கணேசன் நடித்த 'உத்தம புத்திரன்', எம்.ஜி.ஆர். தாமே இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' என்று ஒரே ஆண்டில் இரண்டு பெரிய இரட்டை வேடப் படங்கள் வந்தன. நட்சத்திரம் ஒருவருக்குக் கொடுத்த சம்பளத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள் என்று தயாரிப்பாளர்கள் மகிழ்ந்திருக்கலாம். கேமராமேனுக்கு அது இரட்டைச் சுமை.

வேலை நடந்த விதம் இது. கேமராவைத் தரையோடு அசையாமல் பொருத்துவார்கள். லென்ஸுக்கு முன்னால் உள்ள மாஸ்க் பெட்டியில் கறுப்பு அட்டையைச் செருகி, சட்டத்தின் வலப்பாதியை மறைப்பார்கள். நடிகர் இடப்பக்கம் நின்று முதல் வேடத்தின் வசனத்தைப் பேசுவார். எதிரில் உதவி இயக்குநர் ஒருவர் மற்ற வேடத்தின் வரிகளைப் படித்துக்கொடுப்பார். எத்தனை அடி ஃபிலிம் ஓடியது என்று எண்காட்டியில் குறித்துக்கொள்வார்கள். பிறகு நடிகர் வேடம் மாற்றப் போவார். இங்கே லென்ஸை மூடி, ஃபிலிமை அதே அடிக்குப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை இடப்பாதிக்கு மாற்றி, காத்திருப்பார்கள். அவர் திரும்பி வரும் வரை எந்த விளக்கையும் யாரும் தொடக் கூடாது. பிறகு அதே ஃபிலிமில் வலப்பாதி பதிவாகும். முன்பே ஒருமுறை ஒளி பட்ட, இன்னும் கழுவாத நெகட்டிவ் என்பதால் இரண்டாம் முறை தப்பினால் முதல் முறை செய்ததும் போயிற்று. பிழை தெரிய லேபிலிருந்து பிரின்ட் வர வேண்டும்.

இதில் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, ஃபிலிம் இரண்டு ஓட்டத்திலும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மிட்செல் கேமராவில் ஒவ்வொரு சட்டத்தையும் துளைகளில் ஊசி புகுந்து பிடித்து நிறுத்தும் ஏற்பாடு இருந்ததால்தான் இந்த வேலைக்கு அது விரும்பப்பட்டது. இரண்டாவது, கோடு எங்கே விழ வேண்டும் என்பதைக் கலை இயக்குநர் செட் போடும்போதே தீர்மானிப்பார். ஒரு தூண், கதவின் நிலை, தொங்கும் திரைச்சீலை, இவற்றின் ஓரத்தில் கோடு மறையும். பழைய இரட்டை வேடப் படங்களில் இருவரும் சந்திக்கும் இடத்தில் நடுவே ஒரு தூணோ மேசையோ இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை வெட்டுப்பட்டுவிடும். கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் முதுகு காட்டும் டூப் வருவார்.

1960-களில் இது கைத்தேர்ச்சியின் உச்சத்தை எட்டியது. 1958-இன் 'உத்தம புத்திரன்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், 1965-இல் பி.என். சுந்தரத்துடன் சேர்ந்து 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆரை வண்ணத்தில் இரண்டாக்கினார். வண்ணம் வந்ததும் இரு பாதிகளின் நிறமும் ஒத்துப்போக வேண்டும் என்ற புதிய நிபந்தனை சேர்ந்தது. அதே ஆண்டின் 'திருவிளையாடல்' கோட்டை ஒன்றிலிருந்து பலவாக்கியது: விறகுவெட்டியாக வந்த சிவபெருமான் ஹேமநாத பாகவதர் கேட்கும்படி பாடுகையில், பாடுபவரும் சிவாஜி, வீணை வாசிப்பவரும் சிவாஜி, மிருதங்கக்காரரும் சிவாஜி, எல்லாம் ஒரே சட்டத்தில். தமிழ்த் திரையின் தந்திரக் காட்சிகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். காரணம் தொழில்நுட்பம் மட்டுமல்ல. எல்லாம் நானே என்று சொல்லும் பாத்திரத்துக்கு அந்தத் தந்திரம் பொருளோடு பொருந்துகிறது. வடபழனி விஜயா வாஹினியில் 1957-இல் மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவில் உருவான 'மாயாபஜார்' படத்தின் பிரியதர்சினிப் பெட்டியும் இந்த வகைதான். திறந்தவுடன் மனத்துக்குப் பிடித்தவர் உள்ளே தெரிவார். படத்துக்குள் ஒரு படம்.

ஆளைக் கோட்டின் ஒரு பக்கத்தில் கட்டிப்போடாமல் அவர் போகும் இடமெல்லாம் கோடும் கூடவே போவதற்கு ஆப்டிகல் பிரின்டர் தேவைப்பட்டது. ஒரு புரொஜெக்டரும் ஒரு கேமராவும் எதிரெதிரே நிற்கும் இயந்திரம் அது. நீலத் திரைக்கு முன் நடிகரை எடுத்து, அந்த நீலத்திலிருந்து அவர் உருவத்தின் நிழலை மட்டும் தனி ஃபிலிமாக்கி, அதை மாஸ்க்காக வைத்துப் பின்னணியோடு சேர்ப்பார்கள். கோடம்பாக்கம் பேச்சில் அது 'ப்ளூ மேட்'. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஃபிலிம் மறுபடி பிரதியெடுக்கப்படும். ஒவ்வொரு பிரதியிலும் துகள் பருக்கும், கூர்மை குறையும், உருவத்தைச் சுற்றி நீலமாகவோ கறுப்பாகவோ விளிம்பு ஒட்டிக்கொள்ளும். எழுபது, எண்பதுகளின் பக்திப் படங்களில் பறக்கும் தெய்வங்களைச் சுற்றித் தெரியும் அந்த ஒளிக்கோடு அருளால் வந்ததல்ல. 1990-இன் 'மைக்கேல் மதன காம ராஜன்' நான்கு கமல்ஹாசன்களைச் சேர்த்து நிறுத்தியது. ஃபிலிமை நம்பியே இந்தத் தந்திரம் செய்த கடைசிப் பெரிய படங்களில் அது ஒன்று.

கோடு எண்ணாக மாறியது அமெரிக்காவில். 1970-களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கிறது என்பதை அது சொல்லும், பெயர் ஆல்ஃபா. லூகாஸ்ஃபிலிமில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-இல் இதை வைத்து ஒரு முழுக் கணக்கையே எழுதினார்கள். இரண்டு படங்களைச் சேர்க்க மொத்தம் 12 வழிகள் என்று அவர்கள் வகுத்தது இன்றும் அப்படியே நிற்கிறது. ஒன்று மற்றதன் மேல். ஒன்று மற்றதன் உருவத்துக்குள் மட்டும். ஒன்று மற்றதன் உருவத்துக்கு வெளியே மட்டும் என்று அது போகும். உள்ளே, வெளியே என்ற இரண்டும் கேமராமேன் முதலில் வலப்பாதியிலும் பிறகு இடப்பாதியிலும் செருகிய கறுப்பு அட்டைகளேதான்.

வித்தியாசம் விளிம்பில் இருக்கிறது. அட்டை ஒரு புள்ளியை மறைக்கும், அல்லது மறைக்காது. ஆல்ஃபா கால்வாசி மறைக்கும். ஒரு மயிரிழை ஒரு புள்ளியில் கால் பங்கு இடம் பிடிப்பதாகக் கொள்வோம். மயிரின் ஒளி அளவு 40, பின்னணியின் அளவு 200 என்றால், 40-இல் கால் பங்கான 10, 200-இல் முக்கால் பங்கான 150, கூட்டினால் 160. புள்ளி 160 என்று பதிவாகும். கண்ணுக்கு மயிரின் ஓரம் இயல்பாகப் பின்னணியில் கரையும். எத்தனை முறை பிரதியெடுத்தாலும் எண் தேயாது.

சென்னையில் இந்த மாற்றத்தை ஊரே கவனித்தது 1994-இல். ஷங்கரின் 'காதலன்' படப் பாடலொன்றில் பிரபுதேவாவின் தலையும் கைகளும் மறைந்து தொப்பியும் உடையும் மட்டும் ஆடின. ஒருவரை இரண்டாக்குவதை விட ஒருவரை இல்லாமலாக்குவது கடினம். அவர் மறைத்திருந்த பின்னணியையும் காலரின் உட்புறத்தையும் எங்கிருந்தாவது கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அந்தப் படத்துக்கும், பிறகு 'இந்தியன்', 'ஜீன்ஸ்' படங்களுக்கும் தந்திரக் காட்சிகளை அமைத்த வெங்கி சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருது பெற்றார். 2001-இன் 'ஆளவந்தான்' கேமராவின் நகர்வையே கணினியில் பதிந்து அச்சாகத் திருப்பிச் செய்யும் மோஷன் கன்ட்ரோல் கருவியைப் பயன்படுத்தியது. அறுபது ஆண்டுகளாகத் தரையில் பூட்டிக் கிடந்த இரட்டை வேடக் கேமரா அப்போதுதான் தாராளமாக நடமாடியது.

இந்த வேலைக்கான மென்பொருள்களில் முக்கியமானவை சில, திரையில் சுட்டியைக் கொண்டு இழுக்கும் வடிவில் பிறக்கவில்லை. கட்டளை வரியில் பிறந்தன. டிஜிட்டல் டொமைன் நிறுவனத்தில் 1993-இல் தொடங்கிய 'நியூக்', 1997-இல் வந்த 'ஷேக்' இரண்டும் முதலில் தட்டச்சு செய்த கட்டளைகளால் இயங்கியவை. ஒரு நிமிடப் படத்தில் 1,440 சட்டங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, சேர்த்து, சேமித்து மூடுவது ஆகாத காரியம். ஒரு வரி எழுதி, சட்ட எண்ணை மட்டும் மாறவிட்டு, இரவில் ஓடவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அசையாத படங்களுக்கு இதே பணியைச் செய்யும் இலவசக் கருவி இமேஜ்மேஜிக். டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி 1987-இல் எழுதத் தொடங்கி, நிறுவனத்தின் சம்மதத்தோடு 1990-இல் எல்லாருக்கும் கொடுத்தார். அதில் டிரைப் செய்த வேலைக்கு 'அப்பெண்ட்' என்றொரு சொல் உண்டு: கொடுத்த படங்களை வரிசையாக ஒட்டும். மேலே வைத்துச் சேர்க்க 'காம்போசிட்'. போர்ட்டர், டஃப் வகுத்த வழிகள் அதில் பெயரோடு உள்ளன. அங்கே ஒரு பொறியும் உண்டு. தனிக் கட்டளையாகப் பழைய முறையில் கொடுத்தால் மேற்படத்தின் பெயர் முதலில், பின்னணி பிறகு. 'கன்வெர்ட்' கட்டளைக்குள் வைத்தால் பின்னணி முதலில், மேற்படம் பிறகு. வரிசை மாறினால் முகம் போய்ப் பின்னணி மட்டும் மிஞ்சும். கருவி பிழை என்று சொல்லாது, ஏனென்றால் கேட்டதைத்தான் செய்திருக்கிறது. ஆயிரம் படங்களின் மூலையில் ஒரே முத்திரையை வைக்கவும், கல்யாணப் படங்களை வரிசையாக அடுக்கித் தேர்வுக்கு அனுப்பவும் இப்படிப்பட்ட ஒரு வரி போதும்.

ஸ்டுடியோக்களின் இடங்களில் இன்று வேறு கட்டடங்கள் நிற்கின்றன. ஜெமினி இருந்த இடத்தில் நட்சத்திர விடுதி, எம்.ஜி.ஆர். தம் தாயார் பெயரில் நடத்திய அடையாறு சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் பெண்கள் கல்லூரி. தொழில் ஊரை விட்டுப் போகவில்லை. உள்ளூர்ப் படங்களோடு வெளிநாட்டுப் படங்களுக்கும் உருவங்களின் வெளிக்கோட்டை வரைந்து கொடுக்கும் ரோட்டோ வேலை சென்னை அலுவலகங்களில் நடக்கிறது. சேர்ப்பதைக் கணினி நொடியில் செய்துவிடுகிறது. கோட்டை மட்டும் பல காட்சிகளில் இன்னும் ஆள் உட்கார்ந்து, சட்டம் சட்டமாகச் சரிபார்த்துத்தான் போடுகிறார்கள்.